கெட்டிமேளத்துக்கு முன்னால் வெளியே வரலாம்

ஆட்டிசம் உள்ளவர்களுக்குப் பழகத் தெரியாது என்று நெடுங்காலமாகச் சொல்லிவருகிறோம். பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன் 2012-ல் இதை மறுத்து எழுதினார். அவருக்கும் ஆட்டிசம் உண்டு. எங்களுக்கு உங்களைப் புரியவில்லை என்றால் உங்களுக்கும்தானே எங்களைப் புரியவில்லை, குறையை ஏன் ஒரு தரப்பின் கணக்கில் மட்டும் எழுதுகிறீர்கள் என்பது அவர் வாதம்.

எடின்பரோ ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். எட்டுப் பேர் கொண்ட வரிசை. முதல் ஆளுக்கு ஒரு கதை சொல்லப்படும், அவர் அடுத்தவருக்குச் சொல்வார், கடைசி ஆளிடம் எவ்வளவு மிஞ்சுகிறது என்று எண்ணுவார்கள். 2020-ல் வெளியான முடிவின்படி, முழுக்க ஆட்டிசம் உள்ளவர்களின் வரிசை மற்றவர்களின் வரிசைக்குச் சளைக்கவில்லை. இரு தரப்பும் கலந்த வரிசையில்தான் கதை வேகமாகத் தேய்ந்தது. 2025-ல் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களை வைத்துச் செய்த பெரிய ஆய்வில் கலந்த வரிசையும் பின்தங்கவில்லை. ஆட்டிசம் உள்ளவர்கள் செய்தி சொல்வதில் குறைந்தவர்கள் அல்லர் என்பது மட்டும் இரண்டிலும் நின்றது. பங்கேற்றவர்கள் பேச்சு வரும் பெரியவர்கள் என்பதால், பேச்சே வராதவர்களுக்கு இதை அப்படியே பொருத்திவிடக் கூடாது.

பேச்சு வந்தாலும் வராவிட்டாலும் பெரும்பாலானோருக்கு உள்ள சிக்கல் புலன்களுடையது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, ஒலி, ஒளி, தொடுகை போன்றவற்றில் வரும் மிகையான அல்லது மிகக் குறைவான உணர்வை 2013-ல்தான் ஆட்டிசத்தின் அடையாளங்களில் சேர்த்தது. பெற்றோருக்கு அது முன்பே தெரியும்.

நம் கல்யாண மண்டபத்தையே பாருங்கள். ஸ்பீக்கர், வீடியோ லைட், பன்னீர் வாசனை, கழுத்தில் உறுத்தும் ஜரிகை. இத்தனைக்கும் நடுவில் ஓர் அத்தை, ஆட்டிசம் உள்ள ஒரு பையனின் கன்னத்தைக் கிள்ளி, "என்னைத் தெரியுதா? சாப்பிட்டியா? எத்தனாவது படிக்கிற?" என்று மூச்சுவிடாமல் கேட்கிறார். முதல் கேள்விக்கே அவன் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறான். அடுத்து, "கண்ணைப் பார்த்துப் பேசு." கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது புரியாமல் போகிறது என்று ஆட்டிசம் உள்ள பலர் சொல்கிறார்கள். அவன் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்து அலறுகிறான். அடம் என்கிறது ஊர். அது அடம் இல்லை. தாங்கும் எல்லை தாண்டியதால் வந்த அலறல். அந்த நேரத்தில் அதட்டல் அவனுக்கு இன்னொரு சத்தம், அவ்வளவுதான்.

முன்கூட்டியே செய்யக்கூடியவை நிறைய. மண்டபத்தின் போட்டோவை முதல் நாளே காட்டி, என்ன நடக்கும், எப்போது கிளம்புவோம் என்று படம் போட்டுச் சொல்லலாம். பட்டுச் சட்டைக்குப் பதில் பழகிய பருத்திச் சட்டை, காதுக்கு ஹெட்போன். கெட்டிமேளம் ஒலிக்கும் முன்பே அவனை வெளியே கூட்டிவந்துவிடலாம், தாலி கட்டுவதைப் பார்க்காவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. உறவினர்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கலாம். அவன் கையை உதறினால், முன்னும் பின்னும் ஆடினால் தடுக்காதீர்கள், அப்படித்தான் பலர் தங்களை அமைதிப்படுத்திக்கொள்கிறார்கள். அவனுடைய அம்மாவிடம் வளர்ப்பைப் பற்றிப் பேசப் போகிறவர்கள், அதற்குப் பதிலாக மாடியில் காலியாக இருக்கும் மணமகன் அறையின் சாவியை வாங்கிக் கொடுங்கள்.