நசுக்கினால் தெரியும் கடுகு

சின்னாளப்பட்டிப் பக்கம் நம் அஞ்சறைப் பெட்டிக்கு வரும் கடுகு பெரும்பாலும் வடக்கே விளைந்தது. ஆனால் கடுகு மாதிரியே விதை தரும் இரண்டு களைகள் திண்டுக்கல் சமவெளித் தரிசுகளில் தாமாகவே முளைக்கின்றன: நாய்க்கடுகு, பிரம்மதண்டு. இரண்டுக்கும் மஞ்சள் பூ. பிரம்மதண்டின் இலையெல்லாம் முள். கிள்ளினால் மஞ்சள் பால் வடியும். செடியாக நிற்கும்வரை குழப்பமே இல்லை. விதை உதிர்ந்து கடுகோடு கலந்தால்தான் வம்பு.

ஒரு கைப்பிடிக் கடுகை வெள்ளைத் தட்டில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பாருங்கள். கடுகு உருண்டையாக, வழவழப்பாக இருக்கும். பிரம்மதண்டு விதை சொரசொரப்பு. தோல் முழுக்கக் குழிகுழியாக வலைப்பின்னல், ஒரு பக்கம் மெல்லிய வரப்பு. நாய்க்கடுகு இன்னும் சிறியது. நத்தை ஓடு போலச் சுருண்டு, குறுக்கே வரிவரியாக இருக்கும்.

அப்போதும் சந்தேகம் தீராவிட்டால் நசுக்கிவிடுங்கள். கடுகுக்குள் மஞ்சள், பிரம்மதண்டுக்குள் வெள்ளை. காரணம் குலம். கடுகு விதைக்குள் இருப்பது ஏறக்குறைய முழுக்கக் குட்டிச்செடிதான். இரண்டு வித்திலைகள் நெடுக மடிந்து முளைவேரைப் பொத்திக்கொண்டிருக்கும். அந்த மஞ்சள் வித்திலைகளின் நிறம். பிரம்மதண்டோ கசகசாவுக்குச் சொந்தம். அதில் கரு துளியூண்டு. மிச்ச இடத்தையெல்லாம் எண்ணெய் நிறைந்த வெள்ளை முளைசூழ்தசை அடைத்திருக்கும்.

நாய்க்கடுகைக் கண்டு பயப்பட வேண்டாம். கடுகுக் குடும்பத்துக்கு அது நெருங்கிய உறவு. உத்தராகண்ட் மலைக்காரர்கள் அதை 'ஜக்கியா' என்று பெயர் சொல்லித் தாளிக்கிறார்கள். நாம்தான் நாயின் பெயரை வைத்து ஒதுக்கிவிட்டோம்.

பிரம்மதண்டு அப்படியல்ல. அதன் எண்ணெயில் உள்ள சாங்குயினரின் என்ற நஞ்சு நுண்ணிய ரத்தக் குழாய்களைக் கசிய வைக்கும். கால் வீங்கும், மூச்சு முட்டும், இதயம் தளரும். 1877-லேயே கல்கத்தாவில் இந்த வீக்க நோய் பதிவானது. 1998-இல் டெல்லியில் கலப்படக் கடுகெண்ணெய் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது.

நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் ஊற்றும் நம் வீடுகளில் ஆபத்து குறைவுதான். தாளிப்பில் விழும் ஓரிரு விதையால் இப்படியொரு கொள்ளைநோய் வருவதில்லை. செக்கில் ஏறும் மூட்டையில்தான் விஷயம் இருக்கிறது. ஆகவே கடுகெண்ணெய் வாங்குகிறவர்கள் சில்லறையில் அளந்து வாங்காதீர்கள். முத்திரையிட்ட பொட்டலமாக வாங்குங்கள். ஆட்டிக்கொள்ள வைத்திருக்கும் கடுகில் உள்ளே வெள்ளையான விதைகள் தென்பட்டால், அதைச் செக்குக்கு அனுப்பாதீர்கள்.