வெறுங்காலுடன் கிளாஸ்கோ வரை: முஹம்மது சலீமும் நம் கடற்கரைப் பிள்ளைகளும்

கோவளம் முதல் மாமல்லபுரம் வரை, அஸர் தொழுகைக்குப் பிறகு மணலில் பந்து விளையாடும் பிள்ளைகளிடம் பிடித்த வீரர் யார் என்று கேட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு வெளிநாட்டுக் கிளப்பின் பெயரும் சேர்ந்தே வரும். ஆனால் ஐரோப்பியக் கிளப் ஒன்றின் சட்டையை அணிந்து ஆடிய முதல் இந்தியர் ஒரு முஸ்லிம், அதுவும் இந்தப் பிள்ளைகளைப் போலவே காலணி இல்லாமல் ஆடியவர் என்பது பலருக்குத் தெரியாது.

முஹம்மது சலீம் 1904இல் கல்கத்தாவில் பிறந்தார். வலது ஓரத்தில் ஆடுபவர். அன்றைய கல்கத்தா லீக்கை ஆங்கிலேயப் படைப்பிரிவு அணிகளும் வெள்ளையர் கிளப்புகளுமே வென்று வந்தன. 1934இல் முஹம்மதன் ஸ்போர்ட்டிங் அதை வென்று, அந்தப் பெருமையைப் பெற்ற முதல் இந்தியக் கிளப் ஆனது. 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பட்டம் அவர்களிடமே இருந்தது. அந்த அணியில் ஆடியவர் சலீம்.

1936இல், பிரிட்டனில் வசித்த உறவினர் ஒருவர் அவரைக் கப்பலில் அழைத்துச் சென்று கிளாஸ்கோவின் செல்டிக் கிளப்பில் நிறுத்தினார். மேலாளர் வில்லி மேலிக்கு முதலில் தயக்கம். வெறுங்காலுடன் ஒருவர் ஸ்காட்லாந்து வீரர்களுக்கு எதிரே எப்படி ஆடுவார்? ஆட்டத்தைப் பார்த்த பிறகு தயக்கம் போய்விட்டது. பாதங்களில் துணிக்கட்டுடன் களமிறங்கிய சலீம், கால்ஸ்டன் அணியை 7-1 என்று செல்டிக் வென்ற ஆட்டத்தில் பத்திரிகைகளின் பாராட்டைப் பெற்றார். பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி அவருக்குக் கட்டுப்போடும் புகைப்படம் இன்றும் இருக்கிறது.

ஆனால் சில மாதங்களிலேயே ஊர் நினைவு தாங்காமல் திரும்பிவிட்டார். தங்கிவிடுமாறு கேட்ட கிளப், அவருக்காக ஒரு ஆட்டம் நடத்தி வசூலில் பங்கு தருவதாகச் சொன்னது. அந்தப் பணத்தை யத்தீம் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொன்னார் என்று அவரைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிடுகிறார்கள். முதுமையில் அவர் நோயுற்றபோது மகன் செல்டிக்குக் கடிதம் எழுத, கிளப் 100 பவுண்ட் காசோலை அனுப்பியது. குடும்பம் அதை மாற்றவே இல்லை, நினைவாக வைத்துக்கொண்டது. சலீம் 1980இல் மறைந்தார்.

வெளிநாட்டில் ஆடியது இவ்வளவுதானா என்று தோன்றலாம். பெற்றோர் கவனிக்க வேண்டியது வேறு. கிளாஸ்கோ போனபோது அவருக்கு முப்பது வயது கடந்திருந்தது. சொந்த ஊரின் கடினமான லீக்கில் பட்டம் வென்ற பிறகே போனார். இன்றைய விதிகளும் ஏறத்தாழ அதையேதான் கேட்கின்றன. 18 வயது நிரம்பாதவரை வேறு நாட்டுக் கிளப் பதிவு செய்ய ஃபிஃபா பொதுவாக அனுமதிப்பதில்லை. விதிவிலக்குகள் சில உண்டு. வாப்பாவின் வேலைக்காகக் குடும்பமே வளைகுடாவுக்குப் போனால் பிள்ளை அங்கே பதிவு பெறலாம். கால்பந்துக்காகவே போனால் முடியாது. இங்கிலாந்தில் ஆட வேண்டுமானால் நாட்டு அணிக்கு ஆடிய ஆட்டங்களும் ஏற்கெனவே ஆடிய லீக்கின் தரமும் புள்ளிகளாகக் கணக்கிடப்படும். ஆகவே 15 வயதுப் பையனை ஐரோப்பியக் கிளப்பில் சேர்த்துவிடுவதாகச் சொல்லி யாராவது இலட்சங்கள் கேட்டால், நகையை அடகு வைக்கும் முன் இந்த விதியைக் காட்டிக் கேளுங்கள். முகவர்களுக்கு ஃபிஃபா உரிமம் உண்டு. உரிமம் பெற்றவர்களின் பெயர்களை அதன் இணையதளத்தில் தேடிப் பார்க்கலாம்.

இன்றைய பிள்ளைகளுக்குப் பிடித்த நடுக்கள வீரர் என்கோலோ காண்டேயும் அவசரப்பட்டு வளர்ந்தவர் அல்ல. பாரிஸில் மாலி நாட்டுக் குடும்பத்தில் பிறந்த முஸ்லிம். உயரம் குறைவு என்று பெரிய அகாடமிகள் ஒதுக்கின. சிறு கிளப்பில் ஆடிக்கொண்டே கணக்கியல் படித்து முடித்தார். 2015இல் லெஸ்டருக்குப் போனபோது வயது 24. அடுத்த ஆண்டே இங்கிலாந்து லீக் பட்டம், 2018இல் உலகக் கோப்பை.

நம் பகுதியிலேயே வாய்ப்பு இருக்கிறது. மாமல்லபுரத்தில் எஃப்சி மெட்ராஸ் அமைப்பின் அகாடமி, பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் படிப்புடன் பயிற்சி பெறும்படி அமைந்தது. தேர்வு முகாமுக்கு அழைத்துப் போகும்போது பிறப்புச் சான்றிதழையும் ஆதாரையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். நம் பிள்ளைகளின் பெயர்களில்தான் முஹம்மது ஒன்றில் முழுதாகவும் இன்னொன்றில் சுருக்கமாகவும் இருக்கும்; கால்பந்துச் சம்மேளனப் பதிவில் அது வீண் அலைச்சல்.