சமுதாயத் தொண்டு அமைப்புகள் நிலைபெறும் வழி

தொண்டு செய்யும் உள்ளம் படைத்தோர் நம் நாட்டில் என்றும் குறைந்ததில்லை. ஊர்தோறும் நூலகச் சங்கங்களும் கல்வி உதவி அமைப்புகளும் நற்பணி மன்றங்களும் தோன்றிய வண்ணமே உள்ளன. எனினும் அவற்றுள் பல, சில ஆண்டுகளிலேயே பெயர்ப்பலகை அளவில் நின்றுவிடுகின்றன. ‘ஆரம்ப சூரத்தனம்’ என்று ஊரார் இதனை எள்ளுவர். நாம் கண்டவரை, பெரும்பாலும் குன்றுவது ஆர்வமன்று. அவ்வார்வத்தைத் தாங்கி நடத்தும் அமைப்புத் திறனே ஆகும். அத்திறன் யாது, அதனை வளர்ப்பது எங்ஙனம் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒரு சங்கத்தின் கதை

நாம் நன்கறிந்த ஊரொன்றில் ஏழை மாணவர்க்குக் கல்லூரிக் கட்டணம் வழங்கும் சங்கம் ஒன்று இருந்தது. அதன் செயலாளர் நேர்மைக்குப் பெயர் பெற்றவர். உறுப்பினர் பட்டியல், நன்கொடையாளர் முகவரி, வரவு செலவு ஆகிய அனைத்தும் அவர் நினைவிலும் அவர் வீட்டு அலமாரியிலுமே இருந்தன. வங்கிக் கணக்கை இயக்கும் கையொப்பமும் அவருடையது மட்டுமே. ஒரு கோடையில் அவர் திடீரெனக் காலமானார். சேர்க்கை தொடங்கியபோது வங்கியில் பணம் இருந்தது. அதனை எடுக்கும் உரிமை எவர்க்கும் இல்லை. புதிய கையொப்பத்திற்குப் பொதுக்குழுத் தீர்மானம் தேவைப்பட்டது. பொதுக்குழுவைக் கூட்டவோ முறையான உறுப்பினர் பட்டியல் கிட்டவில்லை. உதவியை நம்பியிருந்த மாணவர் சிலர் அவ்வாண்டு கல்லூரி வாயிலை மிதிக்காமலே வேலைக்குச் சென்றனர். செயலாளர் மீதிருந்த மதிப்பினால் கணக்கைக் கேளாதிருந்த உறுப்பினருள் நாமும் அடங்குவோம். கணக்குக் கேட்பது ஐயப்படுவதாகும் என எண்ணியதே நாம் செய்த பிழை.

அமைப்புத் திறன் என்பது யாது?

கட்டடமும் வைப்புநிதியும் மட்டுமே ஓர் அமைப்பின் திறனாகிவிடா. அத்திறனை மூன்றாக வகுத்துக் கூறலாம். முதலாவது, கூடி முடிவெடுத்து அதனை எழுத்தில் பதியும் வழக்கம். இரண்டாவது, எவர் எப்போது கேட்பினும் காட்டத்தக்க கணக்கு. மூன்றாவது, இன்று பொறுப்பிலுள்ளவர் விலகினும் பணியைத் தொடரத்தக்க அடுத்த நிலையினர். இம்மூன்றும் உள்ள சங்கம் சிறிதாயினும் நிலைக்கும்; இவை இல்லாதது பெரிதாயினும் ஒருவரது ஆயுளோடு முடியும்.

மகளிர் குழுக்கள் காட்டும் பாடம்

இதற்குத் தக்க சான்று நம் மாநிலத்திலேயே உண்டு. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989-ஆம் ஆண்டு தருமபுரி மாவட்டத்தில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கப்பெற்றன. நபார்டு வங்கி 1992-ஆம் ஆண்டில் 500 குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் முன்னோடித் திட்டத்தைத் தொடங்கியது. அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாத பெண்களை நம்பி வங்கிகள் கடன் வழங்கியது எவ்வாறு? குழு ஒழுங்காகக் கூடுகிறதா, சேமிப்புத் தவறாமல் செலுத்தப்படுகிறதா, உள்கடன் உரிய காலத்தில் திரும்புகிறதா, பதிவேடுகள் சரியாக உள்ளனவா என்பவற்றையே அவை நோக்கின. 10 முதல் 20 பெண்கள் கொண்ட குழுவின் வருகைப் பதிவேடும் தீர்மானப் புத்தகமுமே அங்கு அடமானத்தின் இடத்தைப் பெற்றன. எழுதப் படிக்க அறியாத உறுப்பினரும் தம் சேமிப்பு எவ்வளவு என்பதைக் கூட்டத்தில் உரக்கக் கேட்டு அறிந்தனர். ஒழுங்கே ஒரு மூலதனம் என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டுவதில்லை.

சட்டமும் செலவும்

1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டமும் இவ்வொழுங்கையே வற்புறுத்துகிறது. குறைந்தது 7 பேர் கூடினால் சங்கம் பதியலாம். நிர்வாகக் குழுவின் பதவிக் காலமோ 3 ஆண்டுகளுக்கு மேற்படலாகாது. மீண்டும் அவர்களே வரலாம் எனினும், உறுப்பினரிடம் வந்து நின்றாக வேண்டும் என்பதே அதன் கருத்து.

இங்கு ஓர் இடர்ப்பாடும் உண்டு. கொடையாளர் மாணவர்க்கும் நோயாளிக்கும் மனமுவந்து ஈவர். கணக்கெழுதுவோர்க்கு ஊதியம் என்றால் தயங்குவர். வெளிநாட்டு நன்கொடையைப் பொறுத்தமட்டில், நிர்வாகச் செலவின் உச்சவரம்பு 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைக்கப்பெற்றது. வீண்செலவைத் தடுப்பது முறையே. ஆயினும் தணிக்கைக்கும் பயிற்சிக்கும் ஆகும் செலவை வீண் என்று ஒதுக்குதல், கிணறு வெட்டியபின் கயிற்றுக்குக் காசில்லை என்பது போன்றதாகும்.

நாம் செய்யத்தக்கவை

இன்னாரிடம் இப்பணி எனத் தேர்ந்து ஒப்படைப்பதற்கு வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என ஓர் அதிகாரமே வகுத்துள்ளார். அதனை நம் சங்கங்களில் செயற்படுத்தல் அரிதன்று. வங்கிக் கணக்கை இருவர் அல்லது மூவர் கூட்டாக இயக்கலாம். ஆண்டுக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். ஆவணங்களைத் தனியொருவர் இல்லத்தில் வையாது, சங்கத்திற்குரிய பொது இடத்தில் வைக்கலாம். செயலாளரோடு ஓர் இளைஞரைத் துணைச் செயலாளராக அமர்த்திப் பழக்கலாம்.

மாணவர்கள் தத்தம் கல்லூரி மன்றத்திலேயே கூட்டக் குறிப்பு எழுதவும் ரொக்கப் புத்தகம் பேணவும் பயிலுதல் வேண்டும். பட்டத்தோடு ஊர் திரும்பும் அவர்க்கு, மூத்தோர் தம் அருகில் ஓர் இருக்கை அளித்தல் வேண்டும். கணக்கைக் கேட்கும் இளையவரைச் சினவாது, கேட்குமுன்பே காட்டும் பெரியோர் உள்ள ஊரில், சேர்க்கைக் காலத்தில் எந்த மாணவரும் வாயிலில் நின்று திரும்ப நேராது.