மோட்டார் சைக்கிளுக்கு மாற்று இருக்கை

மென்மையான இருக்கையே சுகமானது என்று பலர் கருதுகின்றனர். கடையிலே பெருவிரலால் அழுத்திப் பார்த்து, நன்றாக அமிழ்ந்து கொடுப்பதை வாங்கிச் செல்கின்றனர். யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவுக்கு ஏறத்தாழ 140 கிலோமீற்றர். அத்தகைய இருக்கையிற் புறப்பட்டவர் ஆனையிறவைத் தாண்டுமுன்னரே இடமும் வலமுமாக நெளியத் தொடங்குவதுண்டு. நெளிகின்றவருடைய கவனம் வீதியில் முழுமையாக நில்லாது, அஞ்சவேண்டியது அதற்கே.

ஒருவர் அமரும்பொழுது மேலுடலின் பாரத்தை இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைப்புகளே பெரிதுந் தாங்குகின்றன. மெத்தை மிக மென்மையாயின் இவை அதனை நசுக்கிக்கொண்டு அடித்தட்டுவரை இறங்கிவிடும். அதன்பின் மெத்தை இருந்தும் பயனில்லை. அன்றியும், இருபுறமும் அமிழ்ந்த மெத்தை நடுவிலே மேலெழுந்து, பாரந் தாங்குதற்கு அமையாத தசையையும் நரம்பையும் நெருக்கும். நெடுந்தூரஞ் செல்வோருக்குக் காணும் விறைப்பு பெரும்பாலும் இவ்வாறு வருவதே.

இறப்பர்ப் பாலை நுரைக்கச் செய்து மெத்தையாக்கும் முறையை டன்லொப் கம்பனியார் 1929இல் உருவாக்கினர். இன்று பெரும்பாலான இருக்கைகளில் இருப்பது பொலியூரிதேன் நுரை. அதன் அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி குறைந்த நுரையையும் புதிதாயிருக்கும்போது கடினமாகச் செய்துவிடலாம். ஆனால் அது விரைவிலே தளர்ந்து பள்ளம் விழும். ஆகையால் இருக்கை தைப்பவரிடம் நுரையின் அடர்த்தியைக் கேட்டறிதல் வேண்டும். 50 கிலோகிராம் நிறையுள்ளவருக்கு இதமான மெத்தை 90 கிலோகிராம் நிறையுள்ளவருக்குப் போதாது. ‘எல்லாருக்கும் ஏற்றது’ என்று விற்கப்படும் இருக்கையை ஐயத்தோடு நோக்குவதே நன்று.

வடிவத்தில், பின்புறம் அவ்விரு முனைப்புகளுக்கும் இடங்கொடுக்கும் அகலமும், முன்புறம் தொடைகளை அகற்றாத ஒடுக்கமும் வேண்டும். முன்னோக்கிச் சரிந்த இருக்கை, தடை பிடிக்குந்தோறும் ஓட்டுபவரை எண்ணெய்த் தாங்கியின்மீது தள்ளும். தடிப்பைக் கூட்டினால் உயரமுங் கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். நிற்கும்போது கால்விரல் நுனி மாத்திரம் நிலந்தொடுமாயின், மணல் படிந்த சந்தியிலே வண்டி சாய்வதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை. பின்னால் அமரும் மனைவியையோ பிள்ளையையோ கடைக்கு உடனழைத்துச் செல்லலும் நன்று. அவர்களுடைய இடந்தான் பெரும்பாலும் ஒடுக்கமாக அமைந்துவிடுகின்றது.

இடுப்பு நோவுக்கெல்லாம் இருக்கையைக் குறை கூறுதல் தகாது. கைபிடி எட்டாமையும் கால்மிதி பொருந்தாமையும் அந்நோவைத் தரும். அவற்றைச் சீர்செய்தபின் இருக்கைக்குப் பணஞ் செலவிடலாம்.

வாங்குமுன், வண்டியிற் பூட்டிய இருக்கையில் அரைமணி நேரமாவது அமர்ந்து பார்த்தல் வேண்டும். முதல் ஐந்து நிமிடம் எதுவும் இனிதாகவே தோன்றும். பூட்டுக்கொளுவி முற்றாக விழுகின்றதா, அடியிலுள்ள இறப்பர்த் தாங்கிகள் சட்டகத்தின்மீது சரியாகப் பதிகின்றனவா என்றும் நோக்குக. வளைவிலே சற்று வழுக்கும் இருக்கை ஆளையே வீழ்த்தக்கூடும். மேலுறையின் தையல் அமருமிடத்தின் நடுவே ஓடாதிருத்தல் நலம். அத்துளைகளின் வழியே மாரிமழை உள்ளே இறங்கினால், மேலே உலர்ந்து காணும் இருக்கையும் அமர்ந்தவுடன் உடையை நனைத்துவிடும்.