பருத்தி வேருக்குள் ஒரு பூஞ்சை

நிலத் தாவர இனங்களில் ஏறத்தாழ 70 முதல் 80 சதவீதம் ஒரு வகைப் பூஞ்சைக்கு வேருக்குள் இடம் கொடுத்திருக்கின்றன. ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரத்துப் பருத்தி, மக்காச்சோளம், கம்பு, உளுந்து, மிளகாய், மா, தென்னை எல்லாமே இந்தக் கணக்கில் வரும். வேளாண் துறை இதை வேர் உட்பூசணம் என்கிறது. உரக்கடையில் ‘வேம்’ என்று கேட்டால் கிடைக்கும். மைக்கோரைசா என்ற அறிவியல் பெயரை 1885-இல் சூட்டியவர் ஜெர்மன் தாவரவியலாளர் ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க். உறவு அதைவிட வெகு பழையது. ஸ்காட்லாந்தின் ரைனி என்ற ஊரில் கிடைத்த, சுமார் 40 கோடி ஆண்டுப் பழைமையுள்ள தாவரப் புதைபடிவங்களிலும் இந்தப் பூஞ்சை இருக்கிறது. அந்தச் செடிகளுக்கு அப்போது உண்மையான வேர்கூடக் கிடையாது.

அழைப்பு செடியிடமிருந்தே போகிறது. மணிச்சத்து (பாஸ்பரஸ்) பற்றாக்குறை ஏற்பட்டதும் வேர் ஸ்ட்ரைகோலாக்டோன் என்ற பொருளை மண்ணில் கசியவிடுகிறது. அதை உணர்ந்த பூஞ்சை இழை கிளைவிட்டு வேரை நோக்கி வருகிறது. (சோளக்காட்டில் தொல்லை தரும் சுடுமல்லியின் விதை முளைப்பதும் இதே பொருளை மோப்பம் பிடித்துத்தான்.) வேர்த்தோலைத் துளைத்து நுழையும் இழை, உள்ளிருக்கும் செல்களில் சின்னஞ்சிறு மரம்போலக் கிளைத்துப் பரவும். பண்டமாற்று அங்கேதான் நடக்கிறது. செடி சர்க்கரையும் கொழுப்பும் தரும். பூஞ்சை மணிச்சத்தும் துத்தநாகமும் தரும். ஒவ்வொரு கிளைப்பும் சில நாள்தான் உயிரோடு இருக்கும். பிறகு வேறொரு செல்லில் புதிதாக உருவாகும்.

கரிசலில் இந்தப் பண்டமாற்றுக்கு மதிப்பு அதிகம். மணிச்சத்து மண்ணில் நகராத சத்து. வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டரில் உள்ளதைச் செடி உறிஞ்சிவிட்டால் அந்த இடம் வெறுமையாகிவிடும். போடுகிற டி.ஏ.பி. உரத்தின் மணிச்சத்திலும் பெரும்பகுதியைக் கரிசலில் உள்ள சுண்ணாம்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. பூஞ்சை இழையின் தடிமன் சில மைக்ரான்தான். வேர்த்தூவி நுழைய முடியாத இடுக்கிலும் அது புகும். வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தள்ளியுள்ள சத்தையும் கொண்டுவரும். மணிச்சத்து உரத்துக்கு மூலப்பொருள் பாஸ்பேட் பாறை. உலகில் அதன் இருப்பில் சுமார் 70 சதவீதம் மொராக்கோ, மேற்கு சஹாரா பகுதியிலேயே இருக்கிறது. இந்தியா தன் தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்கிறது. ஏற்கெனவே காசு கொடுத்துப் போட்ட மணிச்சத்தை மண்ணிலிருந்து மீட்டெடுக்கும் பூஞ்சைக்கு உணவுப் பாதுகாப்பில் இடம் இருப்பது இதனால்தான்.

பூஞ்சை குறைந்தால் என்ன ஆகும் என்பதைத் தெளிவாகக் காட்டிய இடம் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலம். அங்கும் களிமண் மிகுந்த கரிசல்தான். ஓராண்டுக்கு மேல் களையே இல்லாமல் தரிசாகக் கிடந்த நிலத்தில் அடுத்த பயிர் குன்றிப்போனது. ஈரம் இருந்தும் இலைகளில் மணிச்சத்து, துத்தநாகப் பற்றாக்குறை தெரிந்தது. தங்கி வாழ வேர் இல்லாமல் மண்ணில் பூஞ்சை குறைந்துபோனதே காரணம் என்று ஆய்வாளர் ஜே. பி. தாம்சன் 1987-இல் விளக்கினார். பருத்தியும் இந்தக் குறைக்கு ஆளாகும் பயிர்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பருத்தி ஆராய்ச்சி நிலையம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். எஸ்.வி.பி.ஆர். என்று தொடங்கும் பருத்தி ரகங்கள் அங்கிருந்து வந்தவை. தென் மாவட்டக் கரிசலில் மானாவாரிப் பருத்தியைப் புரட்டாசி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பது வழக்கம். அறுவடைக்குப் பின் வரும் ஒரு கோடையைப் பூஞ்சை வித்துகள் தாங்கிவிடும். மழை பொய்த்து விதைப்பே இல்லாமல் போகிற ஆண்டுதான் சிக்கல்: தரிசு ஒன்றரை ஆண்டாக நீண்டுவிடுகிறது. தானாக முளைக்கும் களைகளில் சிலவாவது பூஞ்சைக்கு உணவிடும். களைக்கொல்லி அடித்துத் துப்புரவாக வைத்தால் அதுவும் போயிற்று.

எல்லாப் பயிரும் இந்த உறவுக்கு வராது. கடுகு, முள்ளங்கி, முட்டைக்கோஸ் குடும்பம் பூஞ்சையைச் சேர்ப்பதில்லை. கீரை வகைகளில் பலவும் அப்படியே. கண்மாய்ப் பாசனத்தில் நீர் நிற்கும் நெல்வயலிலும் பூஞ்சை குறைவு. அடிக்கடி ஆழ உழுதால் இழைகள் அறுந்துபோகும். மணிச்சத்தை அள்ளிக்கொட்டினால் செடியே கதவைச் சாத்திவிடும்.

வேம் தயாரிப்புக்கு உயிருள்ள வேர் வேண்டும். ஆய்வகக் குடுவையில் தனியாக வளர்ப்பது கடினம். வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்லித்தரும் பண்ணை முறை எளிது. ஒரு மீட்டர் நீள அகலம், 30 செ.மீ. ஆழத்தில் குழி எடுத்துக் கறுப்பு பாலித்தீன் தாள் விரித்து, 50 கிலோ வெர்மிகுலைட்டும் 5 கிலோ சுத்திகரித்த மண்ணும் நிரப்ப வேண்டும். தாய்வித்து ஒரு கிலோவைத் தூவி மக்காச்சோளம் விதைத்து, 60 நாள் கழித்துத் தண்ணீரை நிறுத்திவிட்டு, வேரை நறுக்கி அதே கலவையில் கலந்தால் வேம் தயார். நாற்றங்காலுக்குச் சதுர மீட்டருக்கு 100 கிராம் போதும்.

வயல் முழுவதும் வாங்கித் தூவினால் பலன் உண்டா என்பது வேறு கேள்வி. சுவிட்சர்லாந்தில் 54 மக்காச்சோள வயல்களில் பூஞ்சை இட்டுப் பார்த்த ஆய்வு 2023-இல் வெளியானது. ஒரு வயலில் வளர்ச்சி 40 சதவீதம் கூடியது. இன்னொன்றில் 12 சதவீதம் குறைந்தது. மண்ணில் நோய்ப் பூஞ்சைகள் மிகுந்த வயல்களில்தான் நன்மை அதிகம். பையில் அச்சிட்ட வாக்குறுதியை எல்லா நிலத்துக்கும் பொதுவாக எடுத்துக்கொள்ள முடியாது. வேம் உயிர்ச்சரக்கு, வெயிலில் கிடந்த பையில் உயிர் மிஞ்சுமா என்பதே சந்தேகம். உற்பத்தித் தேதி பார்த்து வாங்குவதும், பூஞ்சைக்கொல்லி கலந்த விதையோடு சேர்க்காமலிருப்பதும் அவசியம்.

மிளகாய் நாற்று, மா ஒட்டுக்கன்று, திசு வளர்ப்பு வாழை போன்ற இளங்கன்றுகளுக்குத் தூரில் வேம் வைப்பதில் பணம் வீணாகாது. நட்டபின் பல ஆண்டு நிற்கப்போகிற மாவுக்கு அது கூடுதல் லாபம். மானாவாரிக் கரிசலில் கதை வேறு. உள்ளூர்ப் பூஞ்சை அங்கே ஏற்கெனவே இருக்கிறது. பருத்தியோடு உளுந்து ஊடுபயிர், மழை பொய்த்த ஆண்டில் ஒரு கம்பாவது பயறாவது, கூடவே தொழு உரம் என்று இருந்தால் அது நிலைக்கும். பால்கோவாவுக்குப் பால் கறக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில் சாணத்துக்கு அலைய வேண்டியதில்லை.