‘சர்’ வேற, ‘சார்’ வேற: வெளிநாட்டுப் பிரபுக்களை எப்படிக் கூப்பிடுவது?

இன்னைக்கு எபிசோட் ஒரு நேயர் கேட்ட கேள்வியிலிருந்து ஆரம்பிக்குது. பிரிட்டனுக்கு மேற்படிப்புக்குப் போயிருக்கார். அவர் டிபார்ட்மென்ட்டில் ஒரு பேராசிரியர் பெயருக்கு முன்னால் ‘சர்’ என்று போட்டிருக்கிறது. “மெயில் எழுதணும். எப்பவும் போல ‘டியர் சார்’னு ஆரம்பிச்சா போதுமா? இல்ல, அவரோட பட்டத்தைக் கண்டுக்காத மாதிரி ஆகிடுமா?” என்று கேட்டிருந்தார்.

கேட்க சின்னக் கேள்விதான். ஆனால் இதைத் தோண்டிப் பார்த்தால், பட்டம் என்றால் என்ன, அது யாருடைய பெயரோடு ஒட்டிக்கொள்கிறது, யாருடைய பெயரை விழுங்கிவிடுகிறது என்கிற வரைக்கும் போகிறது. அதனால் இன்னைக்கு அதையே எடுத்துக்கலாம்.

முதலில் ஒரு விஷயம். ஆங்கிலத்தில் ‘சர்’, ‘சார்’ இரண்டும் ஒரே சொல். தமிழ்தான் அதை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. டீக்கடையில் “சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க” என்கிறோம். தி.நகரில் இருக்கும் அரங்கத்தின் பெயரைச் சொல்லும்போது ‘சர் பிட்டி தியாகராயர்’ என்கிறோம். ‘சார்’ நாம் கொடுக்கிற மரியாதை, அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். ‘சர்’ அரசு கொடுத்த பட்டம். அது அந்த மனிதரின் பெயரில் ஒரு பகுதி. இந்த வித்தியாசம் மனசில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

சர்: சொந்தப் பெயரோடுதான்

பிரிட்டனில் நைட் பட்டம் வாங்கியவரை ‘சர்’ என்று சொல்லி, கூடவே அவருடைய சொந்தப் பெயரைச் சொல்ல வேண்டும். குடும்பப் பெயரை மட்டும் சேர்த்துச் சொல்லக் கூடாது. ஃபுட்பால் பார்க்கிறவர்களுக்கு இது காதில் பழகியிருக்கும்: கமென்டேட்டர்கள் ‘சர் அலெக்ஸ்’ என்பார்கள், ‘சர் ஃபெர்குசன்’ என்று சொல்ல மாட்டார்கள். ஃபார்முலா ஒன் ரசிகர்களுக்கு ‘சர் லூயிஸ்’. அந்தக் கணக்கில் பார்த்தால் நம்ம மீம் உலகத்தின் ‘சர் ஜடேஜா’கூட ‘சர் ரவீந்திரா’ என்றுதான் இருக்கணும்! பெண்களுக்கு இதே இடத்தில் ‘டேம்’. டேம் ஜூடி டென்ச் ‘டேம் ஜூடி’தான்.

தமிழர்களுக்கு இந்த விதி உண்மையில் ரொம்ப வசதியானது. சிதம்பரத்தில் பிறந்த நோபல் விஞ்ஞானி வெங்கி ராமகிருஷ்ணனுக்கு 2012-ல் நைட் பட்டம் கிடைத்தது. ராமகிருஷ்ணன் என்பது அவருடைய அப்பாவின் பெயர். அவரை ‘சர் ராமகிருஷ்ணன்’ என்று கூப்பிட்டால், நாம் அப்பாவுக்குப் பட்டம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். ‘சர் வெங்கி’ என்றால் விதிக்கும் சரி, நம்ம வழக்கத்துக்கும் சரி.

இப்போ அந்த நேயரின் கேள்விக்கு வருவோம். உறை மேல் எழுதுவதானால் ‘பேராசிரியர் சர்’ என்று போட்டு முழுப் பெயர். மெயிலில் ‘டியர் சர்’ போட்டு அவருடைய சொந்தப் பெயர், அல்லது ‘டியர் ப்ரொஃபசர்’ போட்டு குடும்பப் பெயர். இரண்டுமே மரியாதைதான். வெறும் ‘டியர் சார்’ தப்பில்லை, ஆனால் பெயர் தெரியாத யாருக்கோ எழுதிய அப்ளிகேஷன் மாதிரி இருக்கும். அவர் பதில் மெயிலில் வெறும் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டால், அடுத்த மெயிலிலிருந்து நீங்களும் அதையே பிடித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. பிரிட்டிஷ் மன்னரைத் தங்கள் நாட்டின் தலைவராக ஏற்காத நாட்டுக் குடிமக்களுக்குக் கிடைப்பது கௌரவப் பட்டம் மட்டும்தான். அதற்கு ‘சர்’ கிடையாது. பில் கேட்ஸுக்கு 2005-ல் கிடைத்தது அந்த வகை. ரத்தன் டாடாவுக்கு 2014-ல் கிடைத்த ஜிபிஇ கௌரவமும் அப்படித்தான். அவர்களை ‘சர்’ சேர்த்து எழுதினால், இல்லாத ஒன்றைக் கொடுக்கிறோம் என்று அர்த்தம்.

லார்ட்: எந்தப் பெயரோடு என்பதுதான் கேள்வி

பிரபுக்களில் ஐந்து படிகள். மேலிருந்து டியூக், மார்க்விஸ், ஏர்ல், வைகவுன்ட், பேரன். (தாத்தா பேரன் இல்லைங்க, அது பதவிப் பெயர்.) டியூக் என்றால் ‘யுவர் கிரேஸ்’. ‘பிரிட்ஜர்டன்’ பார்த்தவர்களுக்கு அது ஞாபகம் இருக்கும். மற்ற நாலு படிகளுக்கும் பேச்சில் ஒரே சொல்: ‘லார்ட்’. அதோடு அவருடைய பட்டத்தின் பெயர் வரும், சொந்தப் பெயர் வராது.

‘டவுன்டன் அபி’ தொடரை எடுத்துக்கோங்க. அப்பாவின் பெயர் ராபர்ட் க்ராலி. அவர் கிரான்தமின் ஏர்ல். எல்லாரும் ‘லார்ட் கிரான்தம்’ என்பார்கள். ‘லார்ட் ராபர்ட்’, ‘லார்ட் க்ராலி’ இரண்டுமே தப்பு. ஆனால் அவருடைய மகள் ‘லேடி மேரி’. ஏன் அங்கே மட்டும் சொந்தப் பெயர்? மகளுக்குப் பட்டம் கிடையாது, அப்பாவின் அந்தஸ்தால் வருகிற மரியாதை மட்டும்தான். அதனால் அது அவளுடைய சொந்தப் பெயரோடு ஒட்டுகிறது. டியூக், மார்க்விஸ் வீட்டு இளைய மகன்களுக்கும் அப்படித்தான் ‘லார்ட்’ சேரும்.

மவுன்ட்பேட்டனின் கதையில் இந்த இரண்டு வகையும் வருகிறது. அவர் ஒரு மார்க்விஸின் இளைய மகன். அதனால் ‘லார்ட் லூயிஸ் மவுன்ட்பேட்டன்’. 1946-ல் அவருக்கே சொந்தமாக வைகவுன்ட் பட்டம் கிடைத்தது. அதிலிருந்து ‘லார்ட் மவுன்ட்பேட்டன்’ மட்டும்தான். 1947-ல் வைஸ்ராயாக டெல்லியில் வந்து இறங்கியபோது அவர் ‘லார்ட் லூயிஸ்’ இல்லை. நடுவில் ஒரே ஒரு பெயர் விழுந்திருக்கிறது, ஆனால் அப்பாவின் நிழலிலிருந்து சொந்தப் பதவிக்கு வந்துவிட்டார் என்று அது சொல்கிறது.

லேடி: காணாமல் போகும் பெயர்

எனக்கு இந்த விஷயத்தில் உறுத்துகிற இடம் இதுதான். கணவர் ‘லார்ட் லூயிஸ்’ ஆக இருந்தபோது எட்வினாவை எப்படிக் கூப்பிட்டார்கள் தெரியுமா? ‘லேடி லூயிஸ் மவுன்ட்பேட்டன்’. ஆமாம், கணவரின் பெயரேதான். நாம் சகஜமாகச் சொல்கிற ‘லேடி எட்வினா’ விதிப்படி எந்தக் காலத்திலும் சரியாக இருந்ததில்லை. நைட் பட்டம் வாங்கியவரின் மனைவி ‘லேடி’ ஆவார், கூடவே கணவரின் குடும்பப் பெயர். ஆனால் டேம் பட்டம் வாங்கிய பெண்ணின் கணவருக்கு ஒன்றும் கிடையாது. பட்டம் கணவரிடமிருந்து மனைவிக்குப் போகிறது, மனைவியிடமிருந்து கணவருக்கு வருவதில்லை.

இதன் தடயம் சென்னையிலேயே இருக்கு. மயிலாப்பூரில் லேடி சிவசாமி அய்யர் பெண்கள் பள்ளி. ‘பெண்கள் பள்ளிக்கு ஏன் ஆண் பெயர்?’ என்று யோசித்திருப்பீர்கள். சர் பி.எஸ். சிவசாமி அய்யரின் மனைவி என்பதால் அவர் ‘லேடி சிவசாமி அய்யர்’. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, அதனால் கணவரின் சொந்தப் பெயரே மனைவியின் பெயராகப் பலகையில் ஏறிவிட்டது. பலகையைப் பார்த்து அந்தப் பெண்ணின் பெயரைத் தெரிந்துகொள்ள முடியாது.

அங்கிருந்து சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலைக்கு வாங்க. அங்கே லேடி ஆண்டாள் பள்ளி. நீதிபதி சர் முத்தா வெங்கடசுப்பா ராவின் மனைவி ஆண்டாள். லண்டன் விதிப்படி அவர் ‘லேடி வெங்கடசுப்பா ராவ்’. ஆனால் ஊர் அவரை ‘லேடி ஆண்டாள்’ என்றே சொல்கிறது. பள்ளியின் முழுப் பெயரிலும் ஆண்டாள்தான் முன்னால் நிற்கிறார். விதிப்படி தப்பு, ஆனால் அந்தத் தப்பால்தான் ஒரு பெண்ணின் பெயர் மிஞ்சியது.

டயானா விஷயமும் அப்படித்தான். அப்பா ஏர்ல் ஆனபோது அவர் ‘லேடி டயானா’. 1981-ல் கல்யாணத்துக்குப் பிறகு ‘வேல்ஸ் இளவரசி’. ‘இளவரசி டயானா’ என்பது அதிகாரப்பூர்வமான வடிவமே இல்லை, சொந்தப் பெயரோடு அப்படிச் சொல்வது அரச குடும்பத்தில் பிறந்தவர்களுக்கான வழக்கம். உலகம் அதைக் கேட்டதா? கேட்கவில்லை. டயானா என்கிற பெயரை யாரும் விடத் தயாராக இல்லை.

எல்லா ஊரிலும் ஒரே கதை இல்லை

ஐரோப்பா முழுக்க இப்படித்தான் என்று நினைத்துவிட வேண்டாம். 1919-ல் ஜெர்மனி பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது, பட்டங்களைக் குடும்பப் பெயரின் ஒரு பகுதியாக விட்டுவைத்தது. அதனால்தான் ஒரு பொருளாதார அமைச்சரின் பெயர் ‘ஓட்டோ கிராஃப் லாம்ப்ஸ்டார்ஃப்’. ‘கிராஃப்’ என்றால் பிரபு, ஆனால் சட்டப்படி அது வெறும் பெயர். அதே 1919-ல் பக்கத்து நாடான ஆஸ்திரியா ‘ஃபான்’ என்கிற சின்ன ஒட்டைக்கூட விடவில்லை. கடைசிப் பேரரசரின் மகன் ஓட்டோ ஃபான் ஹாப்ஸ்பர்க், ஆஸ்திரியாவில் வெறும் ‘ஓட்டோ ஹாப்ஸ்பர்க்-லோத்ரிங்கன்’. அங்கே மரியாதை என்று நினைத்துப் பட்டத்தைச் சேர்த்தால், ஒழித்துக்கட்டிய ஒன்றைத் திரும்பக் கொண்டுவருகிறீர்கள்.

நம்ம அரசியலமைப்பின் 18-வது பிரிவும் இந்தப் பக்கம்தான். ராணுவ, கல்வித் தகுதிகளைத் தவிர வேறு பட்டங்களை அரசு வழங்கக் கூடாது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டிடமிருந்து எந்தப் பட்டத்தையும் ஏற்கக் கூடாது. பத்ம விருதுகள் பட்டம் இல்லையா என்று வழக்கு வந்தபோது, 1995-ல் உச்ச நீதிமன்றம் ‘விருது கொடுக்கலாம், ஆனால் அதைப் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது’ என்றது. கச்சேரி, கல்யாண அழைப்பிதழ்களில் ‘பத்மஸ்ரீ’ என்று போடுகிறவர்களுக்கு இந்த எபிசோடை ஃபார்வர்ட் பண்ணலாம்.

சரி, மன்னரையே நேரில் பார்த்தால்? முதல் தடவை ‘யுவர் மெஜஸ்டி’. அதற்குப் பிறகு வெறும் ‘சார்’. டீக்கடையில் நமக்குச் சொல்கிற அதே சார்! குனிந்து வணங்குவது கட்டாயமில்லை என்று அரச குடும்பத்தின் வலைத்தளமே சொல்கிறது.

அதனால் பயப்பட ஒன்றும் இல்லை. பட்டத்தைச் சரியாகச் சொல்வது அடிபணிவது ஆகாது. ஒருவர் பெயரைச் சரியாகச் சொல்கிற மரியாதைதான் அது. எந்தப் பட்டம், எந்தப் பெயரோடு என்று மட்டும் பாருங்க. ‘லேடி’ என்று ஒரு பலகையைப் பார்த்தால் மட்டும் கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்க: இவங்க சொந்தப் பெயர் என்ன?

அடுத்த எபிசோடில் பேசலாம்.