பிளேஸ்டேஷன் 3-இன் மூளை: செலவுக்கு ஏற்ற பலன் கிடைத்ததா?

கோலாலம்பூரிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போகும் பேருந்து யோங் பெங்கில் நிற்கும்போது அங்குள்ள சாப்பாட்டுக் கடையைக் கவனித்திருக்கிறீர்களா? ஒரே நேரத்தில் நாற்பது பேர் இறங்குவார்கள். சற்று நேரத்தில் எல்லாரும் சாப்பிட்டுவிட்டு மீண்டும் ஏறியாக வேண்டும். இதைச் சமாளிக்கக் கடைக்காரருக்கு இரண்டு வழிகள் உண்டு. எல்லா வேலையும் தெரிந்த மூன்று சமையல்காரர்களை வைக்கலாம். அல்லது ஒரே ஒரு தலைமைச் சமையல்காரரையும், சொன்ன வேலையை மின்னல் வேகத்தில் முடிக்கும் எட்டு உதவியாளர்களையும் வைக்கலாம்.

மைக்ரோசாஃப்ட் 2005-இல் வெளியிட்ட எக்ஸ்பாக்ஸ் 360 முதல் வழியில் போனது. அதன் நுண்செயலியில் ஒரே மாதிரியான மூன்று கோர்கள் இருந்தன. ஓராண்டு கழித்து வந்த சோனியின் பிளேஸ்டேஷன் 3 இரண்டாம் வழியைத் தேர்ந்தெடுத்தது. அதன் நுண்செயலிக்குப் பெயர் 'செல்'. சோனி, தோஷிபா, ஐ.பி.எம். ஆகிய மூன்று நிறுவனங்களும் 2001-இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் கூட்டாக ஆய்வகம் அமைத்து, சுமார் 400 மில்லியன் டாலர் செலவில் இதை உருவாக்கின.

செல்லில் ஒரு தலைமைக் கோரும் எட்டுத் துணைக் கோர்களும் இருந்தன. சில்லு தயாரிப்பில் ஒரு கோர் பழுதாவது சகஜம். அந்தச் சில்லுகளைத் தூக்கி எறியாமல் பயன்படுத்த, பிளேஸ்டேஷனில் ஏழு துணைக் கோர்களை மட்டுமே இயக்கினார்கள். அவற்றிலும் ஒன்றை இயங்குதளம் எடுத்துக்கொண்டது. விளையாட்டுக்கு மிஞ்சியது ஆறு.

ஆறு போதாதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு துணைக் கோரும் ஒரு துடிப்பில் எட்டுக் கணக்குகளைச் செய்யும். நொடிக்கு 3.2 பில்லியன் துடிப்புகள். இரண்டையும் பெருக்கினால் நொடிக்கு 25.6 பில்லியன் கணக்குகள். அந்தக் காலத்துக்கு இது மலைக்க வைக்கும் எண்.

சிக்கல் வேகத்தில் இல்லை, சாமான் எடுத்துக் கொடுப்பதில் இருந்தது. வழக்கமான நுண்செயலி, நினைவகத்திலிருந்து அடிக்கடி தேவைப்படும் தரவுகளைத் தானாகவே பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். அந்த இடத்துக்கு 'கேஷ்' என்று பெயர். செல்லின் துணைக் கோர்களுக்கு அந்த வசதி கிடையாது. ஒவ்வொன்றுக்கும் 256 கிலோபைட் அளவுள்ள ஒரு சிறிய மேசைதான். செய்ய வேண்டிய வேலையின் கட்டளைகளும் அதற்கான தரவுகளும் அந்த மேசைக்குள்ளேயே அடங்க வேண்டும். (இன்று கைபேசியில் எடுக்கும் ஒரு படமே இதைப் போல் பத்து மடங்கு இருக்கும்.) வெங்காயம் தீர்ந்துவிட்டால் உதவியாளர் தாமாகக் கிடங்குக்குப் போகமாட்டார். எந்த நேரத்தில், எத்தனை வெங்காயம், எந்த மேசைக்கு வர வேண்டும் என்பதை நிரலாளரே முன்கூட்டி எழுதி வைக்க வேண்டும். கெட்டிக்கார நிரலாளர், முதல் கூடை நறுக்கப்படும்போதே இரண்டாம் கூடை வந்து சேரும்படி எழுதுவார். அப்போது உதவியாளர் ஒரு கணமும் சும்மா நிற்கமாட்டார். இந்தக் கணிப்பு தவறினால் ஆறு பேரும் கைகட்டி நிற்க, தலைமைச் சமையல்காரர் ஒருவரே எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டிருப்பார்.

ஆரம்ப ஆண்டுகளில் பெரும்பாலும் இதுதான் நடந்தது. ஒரே விளையாட்டு இரண்டு பெட்டிகளுக்கும் வந்தபோது, பல தடவை எக்ஸ்பாக்ஸ் பதிப்பே சீராக ஓடியது. விலையும் கடித்தது. 60 கிகாபைட் பிளேஸ்டேஷன் 3 அமெரிக்காவில் 599 டாலர், அன்றைய மாற்று மதிப்பில் 2,000 ரிங்கிட்டுக்கும் மேல். அப்படியிருந்தும் ஒவ்வொரு பெட்டியையும் சோனி நட்டத்தில்தான் விற்றது. பழியை முழுக்கச் செல்லின் மீது போடுவது நியாயமில்லை. அப்போது புதிதாக வந்திருந்த ப்ளூ-ரே கருவியும் விலையை ஏற்றியது.

பழகப் பழகச் சிலர் அந்த ஆறு பேரையும் வேலை வாங்கக் கற்றுக்கொண்டார்கள். 2010-இல் வந்த 'காட் ஆஃப் வார் 3' விளையாட்டில், உருவங்களின் விளிம்புகளில் தெரியும் படிக்கட்டு போன்ற பிசிறுகளை மழுப்பும் வேலை துணைக் கோர்களுக்குக் கொடுக்கப்பட்டது. வழக்கமாக வரைகலைச் சில்லு செய்யும் வேலை அது.

செல்லின் அருமையை விளையாட்டு உலகத்தைவிட அறிவியல் உலகம் சீக்கிரம் கண்டுகொண்டது. இந்தியாவில் பிறந்த இயற்பியலாளர் கௌரவ் கன்னா, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் டார்ட்மவுத் பல்கலைக்கழகத்தில் எட்டு பிளேஸ்டேஷன் 3 பெட்டிகளை இணைத்து, கருந்துளைகள் எழுப்பும் ஈர்ப்பலைகளைக் கணக்கிட்டார். மீகணினியில் நேரம் வாடகைக்கு எடுப்பதைவிட இது மிகவும் மலிவு. அவருக்கு மட்டும் எப்படிச் சரிப்பட்டது? அவருடைய சமன்பாடு ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பக் கேட்பது. அடுத்து எந்தத் தரவு தேவை என்பது முன்பே தெரியும். விளையாட்டில் அப்படி இல்லை. நீங்கள் எந்தக் கதவைத் திறப்பீர்கள் என்று எந்த நிரலாளருக்குத் தெரியும்?

நொடிக்கு ஆயிரம் டிரில்லியன் கணக்குகள் என்ற எல்லையை 2008-இல் உலகில் முதலாவதாகத் தாண்டிய 'ரோட்ரன்னர்' மீகணினியிலும் செல்லின் மேம்பட்ட வடிவம் இருந்தது. ஆனால் அடுத்த ஆண்டே ஐ.பி.எம். அந்த வழியைக் கைவிட்டது. வரைகலைச் சில்லுகள் அதே வகைக் கணக்குகளை எளிதாகச் செய்யத் தொடங்கியிருந்தன. 2013-இல் பிளேஸ்டேஷன் 4 வந்தபோது சோனியும் ஒரே மாதிரியான எட்டுக் கோர்கள் கொண்ட, சாதாரணக் கணினி வகை நுண்செயலிக்கு மாறிவிட்டது.

என்னைக் கேட்டால், செல் மோசமான சில்லு அல்ல. வைத்த இடம்தான் தவறு. ஆய்வகத்தில் அது தன் செலவுக்கு ஈடு கொடுத்தது. விளையாட்டுப் பெட்டியில் கொடுக்கவில்லை. இத்தனைக்கும் 80 மில்லியனுக்கும் அதிகமான பெட்டிகள் விற்றன. ஆனாலும் அந்தச் செலவு இன்னும் முடியவில்லை. செல்லுக்கென்றே எழுதப்பட்ட நிரலை வேறு நுண்செயலி நேரடியாகப் புரிந்துகொள்ளாது. அதனால் உங்கள் அண்ணன் அலமாரியில் வைத்திருக்கும் பிளேஸ்டேஷன் 3 வட்டைப் பிளேஸ்டேஷன் 5-இல் போட்டால் ஓடாது. 2011 முதல் தன்னார்வ நிரலாளர்கள் சிலர், செல்லைப் போலவே நடிக்கும் ஒரு மென்பொருளைச் சாதாரணக் கணினிக்காக எழுதிவருகிறார்கள். ஒவ்வொரு விளையாட்டாகச் சோதித்து, எது ஓடுகிறது, எது பாதியில் நிற்கிறது என்று இன்றும் பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.